மலைமேல் இயற்பியல் ஆய்வகத்தில் மக்கள் தொடர்பு வேலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உள்ள ஆய்வு நிலையத்தில் மக்கள் தொடர்பு வேலை என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டு, விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலைக்கு வந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சாதிச் சான்றிதழில் தொடங்கி ஈ-பாஸ் வரை எல்லாவற்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

இயற்பியல் படித்திருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்த வேலை செய்யலாம். ஆனால் எந்த வேலையை எத்தனை நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்ற கணக்கு தெரியாமல் இங்கே ஒரு நாளும் ஓட்ட முடியாது. கீழே உள்ள எல்லாப் படிகளிலும் அந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப வரும்.

1. நிலையம் மலையில், அலுவலகம் வேறு ஊரில்

நீலகிரியில் இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு. முத்தோரையில் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. அதை நடத்துவது புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையம். ராஜ்பவன் பக்கம் காஸ்மிக் கதிர் ஆய்வகம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை எண்ணும் கிரேப்ஸ்-3 சோதனை நடப்பது அங்கேதான். இரண்டுமே மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவை, அதாவது மத்திய அணுசக்தித் துறையின் கீழ் வருபவை. பழனி மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. அது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் நிலையம்; அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வரும்.

இதை முதலில் சொல்லக் காரணம், வேலை விளம்பரம் ஊட்டி, கொடைக்கானல் பெயரில் வருவது அபூர்வம். மும்பை, புனே, பெங்களூரு நிறுவனங்களின் இணையதளத்தில் வரும். பதவிப் பெயரிலும் 'மக்கள் தொடர்பு' என்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவுட்ரீச், அறிவியல் தொடர்பு, திட்ட உதவியாளர் என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கும். அந்த மூன்று தளங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் வாரத்துக்கு ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி உங்களிடம் வருவதற்குள் கடைசித் தேதி முடிந்திருக்கும்.

விளம்பரத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: பணியிடம் எது, நிரந்தரமா திட்டப் பணியா, திட்டப் பணி என்றால் எத்தனை மாதம். திட்டப் பணி பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படுவது. அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள்.

2. தாள்களை விளம்பரம் வரும் முன்பே சேர்த்து வையுங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான். அறிவு குறைந்து வாய்ப்பை இழப்பவர்களைவிட, ஒரு தாள் குறைந்து இழப்பவர்களே அதிகம்.

முதலாவது, ஓபிசி சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசு வேலைக்கானது. மத்திய அரசு நிறுவனம் அதை ஏற்காது. மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை' என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் 60 ரூபாய். பதிவு செய்த பிறகு மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகரும். எங்காவது நின்றுவிட்டால் நேரில் போய்க் கேட்டால்தான் அசையும். ஒரு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் செல்லும் என்பது விளம்பரத்தில் இருக்கும். போன வருடம் வாங்கியதை அப்படியே ஏற்றாதீர்கள். பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினருக்கான வருமானச் சான்றிதழும் இப்படித்தான், நிதியாண்டு மாறினால் மறுபடி வாங்க வேண்டும்.

இரண்டாவது, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் மு. செல்வி, ஆதாரில் செல்வி முருகேசன், பட்டச் சான்றிதழில் செல்வி எம் என்று மூன்று விதமாக இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். மும்பையில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு மூன்று ஆள். ஆதாரையும் பான் அட்டையையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி திருத்திவிடுவதே நல்லது. அதற்கு நேரம் இல்லையென்றால், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அனுபவச் சான்றிதழ். 'இங்கே பணிபுரிந்தார், நல்ல நடத்தை உள்ளவர்' என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை மூன்றும் தலைப்புத்தாளில் இருக்க வேண்டும். பத்திரிகையில் பகுதி நேரமாக எழுதியவர்கள் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆசிரியர் மாறிய பிறகு கேட்டால் புதியவருக்கு உங்களைத் தெரியாது. ஏற்கெனவே அரசு அல்லது பொதுத்துறை வேலையில் இருப்பவர்கள் தடையில்லாச் சான்றுக்கு இப்போதே மனு கொடுத்துவிடுங்கள். அதற்கு ஆகும் நாளை யாராலும் சொல்ல முடியாது.

இவற்றோடு உங்கள் வேலையின் மாதிரிகள் மூன்று தயாராக இருக்கட்டும்: தமிழில் ஒரு அறிவியல் கட்டுரை, ஆங்கிலத்தில் ஒரு செய்திக்குறிப்பு, நீங்களே செய்த ஒரு சுவரொட்டியோ சின்ன வீடியோவோ. பத்து மாதிரி அனுப்பினாலும் முதல் மூன்றைத்தான் பார்ப்பார்கள்.

3. தேர்வுக்கு என்ன படிக்க வேண்டும்

இப்படிப்பட்ட தேர்வுகளில் பாடத்திட்டம் என்று எதுவும் கொடுப்பதில்லை. ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைக் கொடுத்து, பொதுமக்களுக்காக முந்நூறு சொல்லில் எழுதச் சொல்வார்கள் என்று எண்ணித் தயாராகுங்கள். அந்த நிலையம் சமீபத்தில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை எடுத்து வீட்டிலேயே எழுதிப் பழகுங்கள். எழுதியதை இயற்பியல் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எந்த வரியில் நின்றுவிடுகிறார் என்று பாருங்கள். பயிற்சி அவ்வளவுதான்.

நேர்காணலுக்குப் போகும் முன் அந்த நிலையத்தைப் பற்றி அடிப்படைக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக, முத்தோரைத் தொலைநோக்கியை ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள்? அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. அதே 11 பாகை சாய்வுள்ள, வடக்கு தெற்காக ஓடும் சரிவைத் தேடிப்பிடித்தார் இந்தத் தொலைநோக்கியை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். இதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தின் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். 1970-லிருந்து அது இயங்குகிறது. இந்த ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால், அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உங்களால் பதில் சொல்ல முடியும்.

கிரேப்ஸ்-3-ல் சுமார் 400 உணரிகள் எட்டு மீட்டர் இடைவெளியில் பரவி நிற்கின்றன. கூடவே 560 சதுர மீட்டரில் மியூவான் (காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்) உணரி ஒன்று. அதில் 3,712 குழாய்கள் இருக்கின்றன. கொடைக்கானலுக்குப் போகிறீர்கள் என்றால், 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது, நூறாண்டைத் தாண்டிய சூரியப் படத் தொகுப்பு இரண்டையும் விளக்கத் தெரிய வேண்டும். அந்தப் பழைய கண்ணாடித் தட்டுகள் இப்போது எண்ணிம வடிவில் கிடைக்கின்றன. அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால், சூரியச் செயல்பாட்டின் பல சுழற்சிகளை ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்களில் ஒப்பிட முடியும் என்பதே பதில்.

4. சம்பளம், வீடு, சேரும் மாதம்

மத்திய அரசின் வீட்டு வாடகைப்படி ஊரின் வகையைப் பொறுத்தது. ஊட்டியும் கொடைக்கானலும் இசட் வகை, அதாவது மிகக் குறைந்த விகிதம். இப்போது அது அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம். வாடகையோ சுற்றுலா ஊர் வாடகை. நல்ல வீடுகளை மாத வாடகைக்கு விடாமல் ஹோம்ஸ்டே ஆக்கிவிடுகிறார்கள். இந்த இடைவெளி உங்கள் கையிலிருந்துதான் போகும். சம்பளத்தைக் கேட்டவுடன் சரி என்று தலையாட்டாமல் இதையும் கணக்குப் போடுங்கள். விடுதியோ குடியிருப்போ கிடைக்குமா என்று நேர்காணல் முடிவிலேயே கேளுங்கள், தவறில்லை. திட்டப் பணியாக இருந்தால் சொன்ன தொகைக்குள் வாடகைப்படி அடங்குமா, தனியா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வீடு தேடாதீர்கள், சீசன். ஜூலையில் தேடினால் வீட்டின் உண்மை நிலை தெரியும். எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, எந்தக் கூரை ஒழுகுகிறது என்று மழை காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வகத்துக்குப் போகும் பேருந்து கடைசியாக எத்தனை மணிக்கு என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் கேளுங்கள்.

சேரும்போது மருத்துவத் தகுதிச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு இரண்டும் இருக்கும். கடந்த ஆண்டுகளில் குடியிருந்த எல்லா முகவரிகளையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மூன்று மேன்ஷன் மாறியவர்களுக்கு இதில் நிறைய அலைச்சல்.

5. முதல் மாதம்: கையெழுத்து எங்கிருந்து வரும்

சேர்ந்தவுடன் போஸ்டர் செய்யக் கிளம்பாதீர்கள். ஒரு செய்தி வெளியே போக யார் யார் ஒப்புதல் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வழக்கமாக வரிசை இப்படி இருக்கும்: ஆய்வு செய்த விஞ்ஞானி, நிலையப் பொறுப்பாளர், தலைமையகத்தின் தொடர்புப் பிரிவு. தலைமையகம் மலையில் இல்லை. அங்கே விடுமுறை நாட்களும் வேறு. பொங்கலுக்கு நமக்கு விடுமுறை, விநாயகர் சதுர்த்தி வாரத்தில் மும்பையும் புனேயும் அசையாது. இரண்டு நாட்காட்டியையும் சுவரில் மாட்டுங்கள்.

வாய்வார்த்தையாக வரும் ஒப்புதலை ஒப்புதலாக எண்ணாதீர்கள். "சரி, போடுங்க" என்று நடைபாதையில் சொன்ன சாரிடம் அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வாங்கி வையுங்கள். அவர் பொய் சொல்பவர் என்பதற்காக அல்ல. ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் நினைவிருக்காது.

இன்னொன்று, இந்த நிறுவனங்களில் பல மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளையே பின்பற்றுகின்றன. முழுக்க அறிவியல் சார்ந்த எழுத்துக்கு அவற்றில் இடம் உண்டு. நிர்வாகம், நிதி, அரசுக் கொள்கை பற்றி நிருபர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லக்கூடாது. யாரிடம் கேட்க வேண்டும் என்று வழி காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. முதல் செய்திக்குறிப்பு

ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது என்று விஞ்ஞானிக்கு மின்னஞ்சல் வரும் நாளில் உங்கள் வேலை தொடங்க வேண்டும். கட்டுரை வெளியான நாளில் அல்ல. இந்த ஒன்றை விஞ்ஞானிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டியிருக்கும். ஏற்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில வாரங்கள்தான் உங்கள் கையிலுள்ள நேரம். சில ஆய்விதழ்கள் வெளியீட்டு நேரம் வரை செய்தியை வெளியிடத் தடை விதிக்கும். அந்தத் தேதியையும் இந்திய நேரத்தையும் குறிப்பின் தலையிலேயே எழுதுங்கள். தடை நீங்கும் முன் உள்ளூர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

தமிழ்க் குறிப்பை ஆங்கிலக் குறிப்போடு சேர்த்தே எழுதுங்கள். ஆங்கிலம் முடிந்து, ஒப்புதல் வந்து, அப்புறம் தமிழ் என்று வைத்தால் தமிழ்க் குறிப்பு ஒருநாளும் நேரத்துக்கு வராது. நம் மலையில் நடந்த ஆய்வை நம் மக்கள் வெளிநாட்டு ஊடகத்தின் மொழிபெயர்ப்பில் படிக்க நேர்வது எனக்குத் தாங்க முடியாத ஒன்று.

எண்களில் கவனம் வேண்டும். 2014 டிசம்பர் 1-ல் ஊட்டியின் மேல் கடந்த ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை கிரேப்ஸ்-3 குழு மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்துக் கணக்கிட்டது. முடிவு 2019-ல் வெளியானது: 1.3 கிகா வோல்ட். தமிழில் அது 130 கோடி வோல்ட். 1.3 பில்லியன் என்று நீங்கள் எழுதி அனுப்பினால், இரவு நேரத்தில் பக்கம் கட்டும் உதவி ஆசிரியர் 1.3 கோடி என்று மாற்றிவிடலாம். நூறு மடங்கு குறைந்துவிடும். கோடி, லட்சத்தில் நீங்களே மாற்றி, அடைப்புக்குறிக்குள் பூஜ்ஜியங்களோடு எண்ணையும் போட்டு அனுப்புங்கள்.

அடுத்தது தலைப்பு. 2015 ஜூன் 22-ல் வந்த காந்தப்புயலின்போது இரண்டு மணி நேரம் காஸ்மிக் கதிர்கள் கூடுதலாக வந்ததை கிரேப்ஸ்-3 பதிவு செய்தது. பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாக வலுவிழந்தது என்று 2016-ல் கட்டுரை வந்தது. பல ஊடகங்களில் அது 'கவசத்தில் விரிசல்' ஆனது. படித்தவர்கள் பயந்துபோய்க் கேட்டது ஒன்றுதான்: "அந்த விரிசல் மூடியாச்சா?" ஒவ்வொரு குறிப்பிலும் 'இதனால் பொதுமக்களுக்கு ஆபத்து உண்டா' என்ற கேள்வியும் அதற்கு நேரான பதிலும் இருக்கட்டும். நிருபர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். தலைப்புக்கும் இரண்டு மாற்று கொடுங்கள். நல்ல தலைப்பு கையில் இருந்தால் பலரும் அதையே போட்டுவிடுவார்கள்.

அனுப்பும் முறை பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி கெடுப்பது இதுதான். தமிழ்க் குறிப்பை பிடிஎஃப் ஆக மட்டும் அனுப்பாதீர்கள். அதிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து உடையும். நிருபருக்கு மறுபடி தட்டச்சு செய்ய நேரம் கிடையாது, தூக்கிப் போட்டுவிடுவார். யுனிகோடில் வேர்ட் கோப்பு, கூடவே அதே உரை மின்னஞ்சலின் உடலில், படம் தனியாக, படத்துக்கு விளக்க வரி. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

நீலகிரிச் செய்திகள் கோவைப் பதிப்பிலும், கொடைக்கானல் செய்திகள் திண்டுக்கல் அல்லது மதுரைப் பதிப்பிலும் போகும். மாவட்டப் பக்கங்கள் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் காலையிலேயே அனுப்புங்கள். மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலரை சேர்ந்த வாரமே நேரில் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். உள்ளூர் நிருபர்களின் எண்கள் அவரிடம் இருக்கும். அந்த நிருபர்களில் பலர் பகுதி நேரமாக வேலை செய்பவர்கள், யானை வந்த செய்தியிலிருந்து மலர்க்கண்காட்சி வரை ஒரே ஆள் ஓடுபவர். அவருக்குப் பொறுமையாக விளக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அரை மணி நேரம் பல வருடம் பலன் தரும்.

7. பள்ளி மாணவர் வருகை

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. திட்டமிடல் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு வாந்தியும் குளிரும்தான் மிஞ்சும்.

முதலில் தேதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை, மண்சரிவு. ஏப்ரல், மே சீசன் நெரிசல். மிஞ்சுவது டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி வரை. அதிலும் அரையாண்டுத் தேர்வு, பொங்கல், பிளஸ் டூ செய்முறைத் தேர்வு குறுக்கே நிற்கும். தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28-க்கு எல்லோரும் அழைப்பார்கள். அந்த வாரத்துக்குப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அழைக்காதீர்கள், தலைமை ஆசிரியர் அனுப்ப மாட்டார். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புதான் சரி. கேள்வியும் அவர்கள்தான் அதிகம் கேட்பார்கள்.

தாள்கள்: தலைமை ஆசிரியரின் கடிதம், மாணவர் ஆசிரியர் பெயர்ப்பட்டியல், பெற்றோர் ஒப்புதல், வாகன எண், ஓட்டுநரின் கைபேசி எண். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி. ஒரு மாதத்துக்கு முன்பே பள்ளியிடம் கேளுங்கள். பிள்ளைகளின் படத்தை வெளியிடப் போகிறீர்கள் என்றால், அதற்கான ஒப்புதலையும் அதே பெற்றோர் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் தனியாக வாங்கவே முடியாது.

சமவெளியிலிருந்து வரும் தனி வாகனத்துக்கு ஈ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, இணையத்தில் பதியலாம். 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வாகனம் என்ற உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நெரிசல் குறைவான வார நாளைத் தேர்ந்தெடுங்கள். பாஸ் எடுத்தாகிவிட்டதா என்று முந்தின நாள் ஓட்டுநர் அண்ணனிடமே போன் போட்டுக் கேளுங்கள். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதை அமலாகும். திரும்பும் நேரத்தை அதற்கேற்பச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பொட்டலமும் சோதனைச் சாவடியில் பிடுங்கப்படும். ஸ்டீல் பாட்டில், டிபன் பாக்ஸ், ஸ்வெட்டர் மூன்றையும் பள்ளிக்கு அனுப்பும் கடிதத்திலேயே எழுதுங்கள். ஸ்வெட்டர் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள். அலுவலகத்தில் கொஞ்சம் சால்வை சேர்த்து வைத்திருப்பது நல்லது.

வந்து இறங்கியவுடன் உரை வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வந்த பிள்ளைக்கு முதலில் கழிப்பறை, வெந்நீர், பத்து நிமிடம் நடை. அப்புறம் பேசுங்கள். ரேடியோ தொலைநோக்கி இருக்கும் வளாகத்தில் கைபேசிகளை அணைக்க வேண்டும். கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் சிக்னல் மிக மெலிதானது, கைபேசியின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும் என்று காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் தாங்களே ஆசிரியரின் போனைப் பிடுங்கி அணைக்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

சூரிய ஆய்வகத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். சூரியனைப் பார்க்க யாராவது எக்ஸ்ரே பிலிம் கொண்டுவந்திருப்பார்கள், வாங்கி வைத்துவிடுங்கள். சூரிய பிம்பத்தைத் திரையில் விழச்செய்து காட்டுவதே பாதுகாப்பு. மேகம் மூடினால் காட்ட முடியாது, அதற்கென்று பழைய தட்டுகளின் படங்களைத் தொகுத்துக் கையில் வைத்திருங்கள். ஒரே கரும்புள்ளி சுமார் இரண்டு வாரத்தில் சூரியனின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்வதைத் தொடர்ச்சியாகக் காட்டினால், சூரியன் சுழல்கிறது என்று நீங்கள் சொல்லவே தேவையில்லை.

8. படப்பிடிப்பு

யூடியூபர் முதல் தொலைக்காட்சி வரை கேட்பார்கள். எழுத்து விண்ணப்பம், ஆட்களின் அடையாள அட்டை நகல், கருவிப் பட்டியல் மூன்றும் இல்லாமல் உள்ளே விடாதீர்கள். வயர்லெஸ் மைக்கும் வாக்கி டாக்கியும் ரேடியோ தொலைநோக்கிக்கு ஆகாது, கம்பி மைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து விதிகள் தனி, காட்டை ஒட்டிய இடம் என்றால் வனத்துறை அனுமதி தனி, நிலைய அனுமதி தனி. வெளிநாட்டு ஊடகம் என்றால் தலைமையகத்தின் அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகும், அதை முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. பக்கத்து ஊர்க்காரர்கள்

விளம்பரத்தில் இல்லாத, ஆனால் வேலையின் பாதியான பகுதி இது. வேலிக்கு அந்தப் பக்கம் கேரட் கழுவிக்கொண்டிருந்த ஒரு படுகர் அம்மா கேட்டார்: "கதிரு கதிருன்னு சொல்றீங்களே, அது எங்க தோட்டத்துக்கும் வருதா?" வருகிறது. வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவுதான் வருகிறது. ஆய்வகம் எதையும் வெளியே விடவில்லை, வானத்திலிருந்து விழுவதை எண்ணுகிறது, அவ்வளவுதான். உள்ளங்கையை நீட்டினால் வினாடிக்கு ஒன்றோ இரண்டோ மியூவான் அதைத் துளைத்துப் போகிறது; உலகத்தில் எந்த ஊரிலும் இப்படித்தான், மனிதன் தோன்றிய நாளிலிருந்தே இப்படித்தான். இதைத் துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுப்பதைவிட, உள்ளே கூட்டிப்போய் எண்ணும் கருவியைக் காட்டுவது மேல். ஆண்டுக்கு ஒரு நாளாவது பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) மக்களுக்கென்றே கதவைத் திறக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

நீலகிரியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய மலைக்கடியில் அமையவிருந்த ஆய்வகத்தை முதலில் சிங்காராவில்தான் கட்ட நினைத்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானை வழித்தடம் என்பதால் 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. திட்டம் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்கு நகர்ந்து அங்கும் எதிர்ப்பைச் சந்தித்தது. காடு, தண்ணீர், பாறை வெடிப்பு பற்றிய கேள்விகள் நியாயமானவை. இன்றும் ஊட்டியில் டீக்கடையில் உங்களிடம் அதைக் கேட்பார்கள். 'அது வேறு, இது வேறு' என்று தட்டிக்கழிக்காமல், உங்கள் நிலையம் எத்தனை ஏக்கர், தண்ணீர் எங்கிருந்து, மரம் வெட்டியதா என்பதற்கு நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வைத்திருங்கள்.

10. பில்

நிகழ்ச்சி நடத்துவது எளிது, அதன் கணக்கை முடிப்பதுதான் பாடு. பேனர், நினைவுப்பரிசு போன்றவற்றை அரசு மின்சந்தையான ஜெம் தளம் வழியாக வாங்கச் சொல்வார்கள். மலைக்குப் பொருள் வந்து சேரத் தாமதமாகும், ஆறு வாரம் முன்பே ஆர்டர் போடுங்கள். டீ, போண்டாவுக்கு உள்ளூர்க் கடைக்காரர் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார். எந்த வடிவில் பில் வேண்டும் என்று கணக்குப் பிரிவில் மாதிரி வாங்கிக் கடைக்காரரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். முன்பணம் எடுத்திருந்தால் நிகழ்ச்சி முடிந்த வாரமே கணக்குக் கொடுத்துவிடுங்கள். மார்ச்சுக்குள் தீர்க்காத முன்பணம் சம்பளத்தில் பிடிக்கப்படும் நிலை வரலாம்.

11. போன் ஓயாத நாட்கள்

2024 மே 10, 11-ல் பெரிய சூரியப்புயல் வந்து லடாக்கில் துருவ ஒளி தெரிந்தபோது, சூரியனோடு தொடர்புள்ள எல்லா நிலையங்களுக்கும் கேள்விகள் குவிந்தன. இந்தியாவின் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா எல்1 பற்றிய செய்தி வரும்போதும் இப்படித்தான், ஏனென்றால் அதிலுள்ள முக்கியக் கருவியான விஇஎல்சி-யைச் செய்தது கொடைக்கானல் நிலையத்தின் தாய் நிறுவனம். கிரகணம் இன்னொன்று. 2019 டிசம்பர் 26-ல் வளையக் கிரகணம் ஊட்டி, திண்டுக்கல் வழியாகவே போனது. அடுத்து 2031 மே 21-ல் மதுரை வட்டாரத்தில் வளையம் தெரியும். மே மாதம், சீசன். இப்போதே குறித்து வையுங்கள்.

இப்படிப்பட்ட நாட்களுக்கு ஒரு பக்கத் தாள்களைத் தயாராக வைத்திருங்கள்: சூரியப்புயல், கிரகணம், காஸ்மிக் கதிர், இடிமின்னல். ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்வி, ஐந்து பதில், பேச அனுமதி பெற்ற விஞ்ஞானியின் பெயர், அவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்று ஆள். எல்லாவற்றுக்கும் முன்பே ஒப்புதல் வாங்கித் தேதி போட்டு வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். ஒரு நகலை அச்சிட்டு வாசல் காவலரிடம் கொடுங்கள். மழையில் இணையம் போய்விடும் நாளில் நிலையத்தின் தரைவழித் தொலைபேசியை எடுப்பவர் அவர்தான்.